பத்து நோயாளரும் ஓர் இடையும்: ‘ஸ்ருடென்ற்’ சோதனை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

புள்ளிவிபரவியற் பாடநூல்கள் கருதுகோட் சோதனையைப் பெரும்பாலும் ஒரு கணித ஒழுங்காகவே அறிமுகஞ் செய்கின்றன. குடித்தொகையின் இடை இன்ன பெறுமானம் உடையது எனக் கொள்க, மாதிரியொன்றை எடுக்க, மாதிரி இடை அப்பெறுமானத்திலிருந்து விலகும் அளவை நியம வழுவால் வகுக்க, வரும் ஈவு அட்டவணை எல்லையை விஞ்சின் கருதுகோளை நிராகரிக்க. இவ்வொழுங்கின் பயனை எவரும் மறுக்கார். ஆயின், சோதிக்கப்படுவது எவருடைய இடை, எந்தக் குடித்தொகையின் இடை என்னும் வினாக்களுக்கு வாய்பாட்டில் இடமில்லை. அவை கணிப்புக்கு முன்னரே தீர்க்கப்பட வேண்டியவை. தீர்க்கப்படாதவிடத்து நேர்வது யாது என்பதை, இச்சோதனை தோன்றிய மூலக் கட்டுரையைக் கொண்டே ஆராயலாம்.

வில்லியம் சீலி கொசெற் (1876–1937) டப்ளினிலிருந்த கின்னஸ் மதுவடிசாலையில் 1899 இற் சேர்ந்த இரசாயனவியலாளர். மூலப் பொருள்களின் தரத்தை ஒருசில அவதானிப்புகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. அன்றைய முறை பெரிய மாதிரிகளுக்கே ஏற்றது. மாதிரியிலிருந்து பெற்ற நியம விலகலை ஐயத்துக்கிடமற்ற ஒன்றாகக் கொண்டு, செவ்வன் பரம்பலை அது பிரயோகித்தது. மாதிரி சிறிதாயின் அந்நியம விலகலே நம்பத்தகாததாகிவிடும். 1906–07 காலப்பகுதியில் இலண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கொசெற், இக்குறையை நீக்கும் கட்டுரையை 1908 இல் ‘பயோமெற்றிக்கா’ இதழில் வெளியிட்டார். தொழிலகத்தின் கட்டுப்பாடு காரணமாகத் தம் பெயரை மறைத்து ‘ஸ்ருடென்ற்’ என ஒப்பமிட்டார். அவரது வழியில், பத்து அவதானிப்புகளுக்கு 5 சதவீத மட்டத்து எல்லை 1.96 அன்று, 2.26 ஆகும். உற்பத்தியின் தேவை கோட்பாட்டைப் பிறப்பிக்கும் என்பதற்கு இது தக்கதோர் உதாரணம்.

தம் முறையை விளக்குதற்கு அவர் எடுத்துக்கொண்ட தரவுகள் மதுவடிசாலைக்குரியன அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகர மனநோயாளர் காப்பகத்தில் நிகழ்ந்த மருந்துப் பரிசோதனையொன்றின் பேறுகள் அவை. குஷ்னி, பீபிள்ஸ் ஆகியோர் 1905 இல் வெளியிட்டவை. பத்து நோயாளர், இரு மருந்துகள். ஒவ்வொன்றாலும் கூடிய துயில் நேரம். முதல் மருந்தின் இடை 0.75 மணி, இரண்டாவதன் இடை 2.33 மணி. நோயாளர் ஒவ்வொருவரிடத்தும் காணப்பட்ட வேறுபாடு தனித்தனியே கணிக்கப்பட, இரு நிரல்களும் ஒரு நிரலாகின்றன. அதன் இடை 1.58 மணி. குடித்தொகை இடை சூனியம் என்ற கருதுகோளைச் சோதிப்பின், இன்றைய வடிவில் ஈவு 4.06 ஆகும். 2.26 என்ற எல்லையை இது வெகுவாக விஞ்சுகின்றது. இரண்டாவது மருந்தே சிறந்தது என்பதற்கு 666 இற்கு 1 என்ற வாய்ப்பு உண்டென ‘ஸ்ருடென்ற்’ எழுதினார்.

கணிப்பிற் பிழையில்லை, பிழை மருந்துகளின் பெயரில் இருந்தது. ஒரே சேர்வையின் வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்கள் என அவர் குறித்தவை, உண்மையில் ஹயோசயமைன், ஹயோசின் என்னும் இரு வேறு மருந்துகள். ஆர். ஏ. பிஷர் 1925 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலிலும் இத்தரவுகள் எடுத்தாளப்பட்டன. பெயர்ப் பிழையும் உடன் சென்றது. சென், றிச்சட்சன் ஆகியோர் 1994 இல் மூலப் பரிசோதனையை விரிவாக மீளாய்ந்தனர். பரிசோதனை கூறாத ஒரு முடிபைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் ‘நிறுவி’ வந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாய்பாடு எண்களை அறியும். எண்கள் எதனைக் குறிக்கின்றன என்பதை அறியாது.

ஒன்பதாம் நோயாளரின் நிலை இன்னும் நோக்கத்தக்கது. அவரிடத்து வேறுபாடு 4.6 மணி; ஏனையோர் எவரிடத்தும் அது 2.4 ஐத் தாண்டவில்லை. முதலாவதோடு ஒப்பிடுகையில் இரண்டாவது மருந்தால் மிகக் கூடிய நன்மை பெற்றவர் அவரே. அவரை நீக்கிக் கணித்துப் பார்ப்போம். இடை 1.58 இலிருந்து 1.24 ஆகக் குறைகின்றது, ஈவோ 4.06 இலிருந்து 5.66 ஆக உயர்கின்றது. மருந்தின் நன்மைக்கு மிக வலுவான சான்றாக நின்றவரை அகற்றியதும் சான்று வலுப்பெற்றதாகத் தோன்றுகின்றது. பிறரிலிருந்து வேறுபட்ட மனிதர் இவ்வாய்பாட்டில் ‘சிதறல்’ ஆகிறார். சிதறல் வகுத்தியை வளர்க்கின்றது. அவர் ஏன் வேறுபட்டார் என்று மருத்துவர் வினவுவார், சோதனை வினவாது.

இனி, குடித்தொகை எது? காப்பகத்திலிருந்தோர் அனைவருமா, துயிலற்றோர் யாவருமா? இப்பத்துப் பேரும் எழுமாறாகத் தெரியப்பட்டவரல்லர். பிஷர் 1922 இல் முன்வைத்த ‘கற்பிதமான முடிவிலிக் குடித்தொகை’ என்னும் கருத்து இவ்விடர்ப்பாட்டைக் கணிதத்தளவில் தீர்த்தது. சமூகத்தளவில் அதனை மறைத்தது எனலாம். நெய்மனும் ஈகன் பியர்சனும் 1933 இல் சோதனையை இருவகை வழுக்களுக்கிடைப்பட்ட தீர்மானமாக வகுத்தனர். பிற்காலப் பாடநூல்கள் இவ்விரு போக்குகளையும் வேறுபாடு காட்டாது கலந்து கற்பித்தன. கருதுகோள் உண்மையாயின் இத்தகைய தரவு தோன்றுதற்குரிய நிகழ்தகவையே சோதனை தருகின்றது. அதனைக் கருதுகோளே உண்மையாதற்குரிய நிகழ்தகவு எனக் கொள்ளும் மயக்கம் இன்றும் நீங்கவில்லை. எல்லையொன்றைத் தாண்டியமை மட்டும் விஞ்ஞான முடிபுக்கு ஆதாரமாகாது என அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016 இல் வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்தமை இதன் விளைவே.

இவற்றால் சோதனையைக் கைவிட வேண்டுமென்பது எமது கருத்தன்று. சிறு மாதிரியிலிருந்து மிகையான முடிபுக்குத் தாவுவதைத் தடுத்தமையே ‘ஸ்ருடென்ற்’ செய்த பெரும்பணி. சராசரிக் கூலி, சராசரி உணவு, சராசரி மதிப்பெண் என மக்களின் வாழ்வை ஓரிடையாற் சுருக்கும் சமூக ஆய்வாளர், அவ்வெச்சரிக்கையை ஒரு படி முன்கொண்டு செல்லுதல் வேண்டும். எவர் எண்ணப்பட்டனர், எவர் விடப்பட்டனர், எண்ணியவர் நோக்கம் யாது என்பவற்றைக் கூறாத ஆய்வில் ஈவு எத்துணைப் பெரிதாயினும் பயன் சிறிதே. கலமசூவின் பத்து நோயாளரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வகுப்பறைகளில் எண்களாகவே வாழ்கின்றனர். அவர்கள் முதலில் மனிதர் என்பதை நினைவிற் கொண்டே அவர்தம் இடையைக் கணித்தல் தகும்.