மிதிக்க ஏன் இவ்வளவு சுலபம்?

பழைய ரயில்தடத்தில் சைக்கிள் ஓட்டிய கட்டுரைகள் வாசிக்கப் பிடிக்கும். சிங்கப்பூரில் 2011ல் ரயில் ஓடுவது நின்று, பசுமைப் பாதையான 24 கி.மீ. தடம் ஓர் உதாரணம். நான் வாசித்தவற்றில் மரநிழல் இருக்கு, இரும்புப் பாலம் இருக்கு, புக்கிட் தீமா ஸ்டேஷன் இருக்கு. மிதிக்க ஏன் இவ்வளவு சுலபம் என்ற கேள்விதான் இல்லை.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக யாரோ மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். மலாயா ரயில்பாதைகளில் அந்த ‘யாரோ’ பலரும் தமிழர்கள்.

எங்க நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979ல்தான். தடத்துக்கு மண் சுமந்த தலைமுறை இன்னும் கண்முன்னால் இருக்கு. அதனாலேயே இந்த மௌனம் உறுத்துகிறது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வேறொரு தடத்தை, ஜப்பானியர் கொண்டுபோன தோட்டத் தமிழர்களை எழுதியது. அங்கே தண்டவாளத்துக்கு முன்னால் ஆள் வருகிறான். சைக்கிள் கட்டுரைகளில் ஆளே வருவதில்லை. அழகாகத்தான் எழுதுகிறார்கள், தடத்தில் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.