பிழையின்றிப் படிக்கப்படும் பிழையான படம்

தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அளவைக் காட்ட ஆய்வாளர்கள் அடிக்கடி வரைவது ஒரு வண்ண வரைபடம். மாதிரி எடுத்த கிணறுகளின் அளவுகளைக் கொண்டு இடைப்பட்ட நிலத்தையும் கணித்து நிரப்புவார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. இந்தப் படம் பயன்படுமா என்பதை எப்படிச் சோதிப்பது?

வழக்கமான முறை, கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, கேள்வி கேட்டு, நேரத்தையும் பிழையையும் எண்ணுவது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரே அளவுகோலில் அமைந்த புள்ளிகளின் இடத்தைத் துல்லியமாக ஒப்பிடும் கண், நீளத்தையும் கோணத்தையும் ஒப்பிடுவதில் கூடுதலாகத் தடுமாறும் என்பதைப் புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984இல் நிறுவியது இப்படிப்பட்ட சோதனைகளால்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இந்தப் படத்தில் எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் இந்த முறை தெளிவாகக் காட்டிவிடும்.

ஆனால் தர்மபுரி கடும்பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகளில் நிற்கிறது. அருகருகே உள்ள இரண்டு போர்களிலேயே (ஆழ்துளைக் கிணறுகளிலேயே) ஆழமும் வெடிப்பும் மாறினால் ஃபுளோரைடும் மாறலாம். இடையில் வழவழவென்று பூசிய பச்சை அதை மறைத்துவிடுகிறது. "இங்கே பச்சை, குடிக்கலாம்" என்று சொன்ன மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும், ஏனென்றால் விடைத்தாளும் அந்தப் படத்திலிருந்தே எடுத்ததுதான். அந்த போர்த் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் கறை ஏறுவது எந்தப் பிழைக்கணக்கிலும் வராது. காட்சிப்படுத்தல் ஆய்வாளர் தமாரா மன்ஸ்னர் 2009இல் முன்வைத்த அடுக்கு மாதிரி இதைத்தான் எச்சரிக்கிறது: தரவை எப்படி உருவகிப்பது என்ற மேலடுக்கில் நேர்ந்த தவறு, கீழடுக்கில் நிறத்தை எவ்வளவு சோதித்தாலும் தெரியவராது.

அப்படியானால் களஆய்வு போதுமா? பென்னாகரத்தில் ஒரு டேங்க் ஆபரேட்டரிடம் படத்தைக் காட்டினால், மரியாதைக்காக "நல்லா இருக்கு சார்" என்பார். அது சான்றாகாது. ஓர் ஊராட்சியில் கண்டதை எல்லா ஊருக்கும் பொருத்தவும் முடியாது. ஆகவே கருத்தைக் கேட்காமல், படத்தைப் பார்த்து ஒரு போரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரையே பரிசோதிக்க வேண்டும். விடை படத்துக்கு வெளியிலிருந்து வருவதால் இந்த முறையை நம்பலாம்.

காவிரி நீரை மாவட்டத்துக்கே கொண்டுவரத் திட்டமிடுபவருக்கு வழவழப்பான படமே போதுமானது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கு வேண்டியது பரந்த போக்கு மட்டுமே. குழாய்த் தண்ணீர் வராத நாளில் எந்த போருக்குப் போவது என்று கேட்கும் வீட்டுக்கு அது போதாது. இரண்டாவது பயனுக்கென்று ஒரு படத்தை முன்வைத்து, நேரத்தையும் பிழையையும் மட்டுமே சான்றாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை, களத்தில் நீர்ப் பரிசோதனை செய்து வரும்வரை திருப்பி அனுப்ப வேண்டும்.