சாவி கிடைத்தது, யாருடைய சாவி?

ஹட்டன், நோர்வூட் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும்; அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்குப் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்தபின் கிடைத்த வேதனை மலையகத்துக்குப் புதிதல்ல. இடையில் நிற்பவரை நம்பியே தீரவேண்டிய இந்த நிலையை அனுபவித்தவர்களுக்கு, இணையத்தின் பழைய வழக்கம் ஒன்றின் குறை உடனே பிடிபடும்.

1971இல் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் லெஸ் எர்னெஸ்ட் எழுதிய நிரல் ‘ஃபிங்கர்’. ஒருவரின் கணக்குப் பெயரையும் கணினியின் பெயரையும் கொடுத்தால், அவரது முழுப்பெயர், கடைசியாக உள்நுழைந்த நேரம், ‘பிளான்’ என்ற கோப்பில் அவர் எழுதி வைத்திருப்பது எல்லாம் திரையில் வரும். 1991இல் ஃபில் சிம்மர்மன், மடல்களைப் பூட்டும் நிரலான பிஜிபியை வெளியிட்ட பிறகு, பலர் தங்கள் பொதுச் சாவியை அந்தக் கோப்பிலேயே போட்டு வைத்தார்கள். நான் சொன்ன பழைய வழக்கம் இதுதான். அந்தச் சாவியால் பூட்டிய மடலை உரியவரின் தனிச் சாவி மட்டுமே திறக்கும்.

இதன் எளிமையை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு கட்டளை போதும். சாவி அதன் சொந்தக்காரர் பொறுப்பிலேயே இருக்கும். பழையதை நீக்கிப் புதியதை வைக்க எவர் அனுமதியும் வேண்டாம். பின்னாளில் வந்த பொதுச் சாவிக் கிடங்குகளில் ஏறியதை அழிக்க வழியிருக்கவில்லை. 2019இல் சிலருடைய சாவிகளின் மேல் யாரோ பொய்க் கையொப்பங்களைக் குவித்து அவற்றைப் பயன்படுத்த முடியாமல் செய்தபோது, சொந்தக்காரர்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது.

ஆனால் ஃபிங்கரின் பதில் பூட்டில்லாமல், கையொப்பமில்லாமல் வரும். அந்தக் கணினியை நிர்வகிப்பவரோ, வழியில் இணைப்பைக் கைப்பற்றியவரோ தன் சாவியை மாற்றி வைத்தால் கேட்டவருக்குத் தெரியாது. மடல் பூட்டப்பட்டே போகும். திறப்பவர் மட்டும் வேறு ஆள். யார், எப்போது கணினியில் இருந்தார் என்று ஊருக்கே சொல்வது இன்னொரு கேடு. 1988 நவம்பரில் ரொபர்ட் மொரிஸின் புழு நிரல் இந்தச் சேவையின் ஓட்டை வழியாகவும் பரவியது. காலப்போக்கில் பெரும்பாலான நிர்வாகிகள் இதை மூடிவிட்டார்கள்.

சேவை போனாலும் சிக்கல் போகவில்லை. குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்யும் மகள் பொகவந்தலாவையில் இருக்கும் தாயுடன் வாட்ஸ்அப்பில் பேசும்போதும், இருவருடைய பொதுச் சாவிகளையும் பரிமாறித் தருவது அந்த நிறுவனத்தின் கணினிதான். சரிபார்க்க வழி உண்டு: தொடர்பு விவரத்தில் குறியாக்கப் பகுதியைத் திறந்தால், ஐந்தைந்தாகப் பிரித்த 60 இலக்கங்கள் தெரியும். இரண்டு கைபேசிகளிலும் அவை ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை. இந்த இலக்கம் மாறும்போது எச்சரிக்கும் வசதியை அமைப்புகளில் நாமே தேடி இயக்க வேண்டியிருப்பதுதான் பெருங்குறை. தேவைப்படுபவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

சாவியைக் கொண்டு சேர்ப்பதில் ஃபிங்கர் நல்ல தூதன். அந்தச் சாவி யாருடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆகவே வெளிநாடு புறப்படும் பிள்ளைகளே, வீட்டில் அம்மாவின் பக்கத்தில் இருக்கும்போதே அந்த இலக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எச்சரிக்கை வசதியையும் இயக்கிக் கொடுங்கள். பிறகு இலக்கம் மாறியதாகச் செய்தி வந்தால், அழைத்துக் குரலைக் கேட்காமல் காசு விஷயம் எதையும் எழுத வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.