இரண்டாவது முறை

பழைய குழாய் மானிட்டரைக் கழற்றும் நல்ல மெக்கானிக் முதலில் தேடுவது சால்டரிங் அயர்னை அல்ல. நீளக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரையும் கிளிப் வைத்த ஒயரையும்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஓடும்போது கலர் டியூபில் சுமார் 25,000 வோல்ட்! கண்ணாடியின் உள்ளும் புறமும் பூசிய கிராஃபைட் டியூபை ஒரு கெப்பாசிட்டராகவே ஆக்கிவிடுகிறது.

டியூபின் முதுகில் ஓடும் பின்னல் எர்த் கம்பியில் கிளிப்பை மாட்டி, மறுமுனையை ஸ்க்ரூடிரைவர் இரும்பில் கட்டுகிறார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டியூபின் மேல் உயர் வோல்ட் ஒயர் சேரும் இடத்திலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் நுனியை நுழைக்கிறார். ‘டப்’. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே செய்கிறார். மின்சாரத்தை இறக்கிய பிறகும் மிச்சம் மெல்லத் தலைதூக்கும். அந்த இரண்டாவது முறையில்தான் அவருடைய தேர்ச்சி தெரிகிறது.

அப்புறம்தான் பழுது: டியூபுக்கு உயர் வோல்ட் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள். ஈயத்தில் மயிரிழை வளையமாக ஒரு விரிசல். உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தால், பளபளவென்று கூம்பாக நிற்கிறது.