பங்காளிச் சண்டைக்கு நான்கு நாள்

கல்லூரிக் கூடைப்பந்தில் இதைவிடப் பெரிய போட்டி உண்டு. 68 அணிகள், மூன்று வாரம், அமெரிக்கா முழுக்க அரங்கங்கள் என்று நடக்கும் தேசியப் போட்டிக்கு முன்னால் மற்றதெல்லாம் அளவில் சிறியவைதான். ஆனால் இதைவிட நல்ல போட்டி உண்டா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மார்ச் மாத நடுவில், புதன்கிழமை தொடங்கிச் சனி இரவு முடிகிற பிக் ஈஸ்ட் போட்டியைச் சொல்கிறேன்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. பிக் ஈஸ்ட் அதில் ஒன்று. இப்போது 11 கல்லூரிகள். குளிர்காலம் முழுக்க ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் லீக் ஆட்டங்கள் ஆடுவார்கள். அந்தப் பட்டியலில் முதல் ஐந்து இடம் பிடித்தவர்களுக்குப் புதன்கிழமை ஓய்வு, மற்ற ஆறு அணிகளும் அன்றே மோத வேண்டும். வியாழன் நான்கு கால் இறுதி, வெள்ளி அரையிறுதி, சனி இறுதி. ஒரு முறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கோப்பையை வெல்பவர்களுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். நவம்பரிலிருந்து உதை வாங்கி அடிவாரத்தில் கிடக்கிற அணிக்கும், நாலு நாளில் நாலு ஆட்டம் ஜெயித்தால் அந்தக் கதவு திறக்கும்.

தேசியப் போட்டியில் மோதுகிற இரண்டு அணிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அதுவரை நேரில் பார்த்திருக்காது. இங்கே அப்படி இல்லை. ஜனவரியில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை மோதிவிட்டு, மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார்கள். இவன் இடது பக்கம்தான் வெட்டுவான், அவன் களைத்தால் ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிடுவான் என்பதெல்லாம் எதிரணிக்கு மட்டுமல்ல, எதிரணியின் ரசிகருக்கும் மனப்பாடம். பயிற்சியாளர் இடைவேளையில் வரைந்து காட்டும் திட்டத்தை எதிர்ப்பக்கம் இருப்பவர் முன்கூட்டியே ஊகித்துவிடுவார். தெரிந்தவனைத் தெரிந்தவன் அடிக்கிற இந்தப் பங்காளிச் சண்டைக்கு இருக்கிற சூடு அந்நியர்களின் சண்டைக்கு வரவே வராது. என் காதலுக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அந்தக் கட்டடம். பிராவிடன்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த டேவ் கேவிட் 1979-இல் ஏழு கல்லூரிகளைச் சேர்த்து இந்தக் குழுவைத் தொடங்கினார். முதல் மூன்று ஆண்டுகள் பிராவிடன்ஸ், சிரக்யூஸ், ஹார்ட்ஃபோர்ட் என்று போட்டி ஊர் ஊராகச் சுற்றியது. 1983-இல் கார்டனுக்கு வந்தது. அதன் பிறகு நகரவே இல்லை. இத்தனை காலம் ஒரே அரங்கில் தொடர்ந்து நடக்கும் கான்ஃபரன்ஸ் போட்டி வேறு கிடையாது. நியூஜெர்சியில் எடிசனில் ரயிலேறினால் பென் ஸ்டேஷனில் இறங்கலாம். அரங்கம் அந்த ஸ்டேஷனின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரயிலுக்குள்ளேயே போட்டி ஆரம்பித்துவிடும். சீட்டன் ஹால் பனியன் போட்ட தாத்தாவும் பேரனும் ஒரு வரிசையில், எதிரே செயின்ட் ஜான்ஸின் சிவப்புத் தொப்பிகள் நாலு. ஒருவரை ஒருவர் சீண்டாமல் நுவார்க் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை.

ஆடுகளம் தெருவிலிருந்து ஐந்து மாடி உயரத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி, வாசல் வழியாக உள்ளே தலையை நீட்டியதும் அந்த வட்டமான கூரையும், அதன் கீழே வெளிச்சத்தில் குளிக்கும் மரத்தரையும் தெரியும் பாருங்கள், அந்த நிமிடத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். சுமார் 20,000 பேர் உட்காரலாம். நான் எப்போதும் மேல்தளத்தில்தான் இடம் வாங்குவேன். அங்கிருந்துதான் பத்துப் பேரின் ஓட்டமும் ஒரே பார்வையில் விழும். அதோடு, சத்தம் அங்கேதான் சேரும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? தொழில்முறை ஆட்டங்களில் ஸ்பீக்கர் பாட்டு காதைக் கிழிக்கும். இங்கே ஒவ்வொரு கல்லூரியும் தன் பேண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கூடைக்குப் பின்னால் இந்தக் கோடியில் ஒரு பேண்ட், அந்தக் கோடியில் ஒரு பேண்ட். டைம் அவுட் விசில் ஊதியதும் டிரம்பெட்டும் டிரம்மும் மாறி மாறி வெடிக்கும். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு ஆட்டம் என்பதால் அரங்கில் ஒரே நேரத்தில் நான்கு கல்லூரிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஆட்டத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்க்காரர்கள் பலவீனமான அணியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நாளை அந்த அணியோடு மோதினால் சுலபம் என்ற கணக்கு அது. புதன்கிழமை ஒரு முறை, தோற்றுக்கொண்டிருந்த கல்லூரியின் பேண்டில் டியூபா வாசித்த பெண்ணைப் பார்த்தேன். கன்னத்தில் கல்லூரி வண்ணம் தீட்டியிருந்தாள். கடைசி நிமிடம், பன்னிரண்டு புள்ளி பின்தங்கல், இனி வழியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய வழிய, ஒரு சுரம் தப்பாமல் அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசி விசிலுக்குப் பிறகு வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நகர்வதற்குள், அடுத்த கல்லூரியின் பேண்ட் படியில் வரிசை கட்டி நின்றது.

இந்த அரங்கில் நடந்ததையெல்லாம் சொல்ல ஒரு புத்தகம் போதாது. இரண்டை மட்டுமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2009 மார்ச் 12, வியாழன் இரவு, கால் இறுதி. சிரக்யூஸும் யூகானும். 71-71 என்ற சமநிலையில், நேரம் முடிகிற நொடியில் சிரக்யூஸின் எரிக் டெவன்டார்ஃப் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அவர் ஸ்கோர் மேசை மேலேறிக் கூத்தாடினார். நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நேரம் முடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தபோது பந்து அவர் விரலை விட்டு நீங்கவில்லை, செல்லாது என்றார்கள். ஓவர்டைம். அதிலும் சமம். இன்னொன்று. இன்னொன்று. ஆறு ஓவர்டைம்! முதல் ஐந்தில் ஒரு விநாடிகூட சிரக்யூஸ் முன்னிலைக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் விழப்போய் எழுந்தது. ஐந்தாவது ஃபவுல் வாங்கி இரு பக்கமும் நட்சத்திரங்கள் வெளியேறிக்கொண்டே இருக்க, பெஞ்சின் கடைக்கோடியில் இருந்த பையன்களெல்லாம் களத்துக்கு வந்தார்கள். ஆறாவதில் ஆண்டி ராட்டின்ஸ் ஒரு மூன்று புள்ளிப் பந்தைப் போட்டு ஆரம்பித்து வைக்க, 127-117. மணி நள்ளிரவு தாண்டி 1.22. சிரக்யூஸின் ஜானி ஃப்ளின் 70 நிமிட ஆட்டத்தில் 67 நிமிடம் ஓடியிருந்தார். நான் அன்று டிவி முன்னால்தான் இருந்தேன். அரங்கில் இல்லையே என்ற ஏக்கம் இன்றைக்கும் தீரவில்லை. அதே பிள்ளைகள் மறுநாள் இரவு வந்து அரையிறுதியில் இன்னொரு ஓவர்டைம் ஆடி ஜெயித்தார்கள். இறுதியில் லூயிவிலிடம் தோற்றார்கள். தோற்றால் என்ன? அந்த வருடம் கோப்பை யாருக்கு என்று கேட்டால் யோசிப்பவர்கள்கூட, அந்த ஆட்டத்தை யோசிக்காமல் சொல்வார்கள்.

இரண்டாவது, கெம்பா வாக்கர். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த பையன். கார்டன் அவருக்குச் சொந்த வீட்டு முற்றம். 2011-இல் யூகான் அணிக்கு ஒன்பதாவது இடம். அப்போது 16 கல்லூரிகள் இருந்ததால் போட்டி ஐந்து நாள் நடந்தது. அவர்கள் கோப்பையைத் தொட ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மூன்றாம் நாள் எதிரே நின்றது, லீக் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த பிட்ஸ்பர்க். 74-74. கடைசி விநாடிகளில் பந்து கெம்பாவின் கையில். அவரைக் காவல் காக்க வந்து சிக்கியவர் கேரி மெக்கீ, நெடுமரம் மாதிரி உயரம். கெம்பா முன்னால் பாய்வதுபோல் ஒரு அடி வைத்தார், சட்டென்று பின்னால் இழுத்தார். மெக்கீயின் கால்கள் அவருக்கே கட்டுப்படாமல் பின்னி, ஆள் தரையில். எதிரே யாருமில்லை. கெம்பா நிதானமாக எழும்பிப் போட்ட பந்து, ஆட்டம் முடிந்த ஒலியோடு கூடைக்குள் இறங்கியது. மறுநாள் சிரக்யூஸை ஓவர்டைமில், அதற்கு மறுநாள் லூயிவிலை 69-66 என்று. ஐந்து ஆட்டங்களில் அவர் மட்டும் 130 புள்ளிகள். அந்த வேகம் அடங்காமல் அதே யூகான் ஏப்ரலில் தேசியக் கோப்பையையும் தூக்கியது. இந்த நான்கைந்து நாட்கள் ஒரு அணிக்குள் எதைப் பற்றவைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2013-இல் இந்தக் குழு உடைந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் பணம் இழுத்த இழுப்பில் சிரக்யூஸ், பிட்ஸ்பர்க் போன்றவை வேறு குழுக்களுக்குப் போயின. கூடைப்பந்தே உயிர் என்றிருந்த ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பெயரையும் கார்டனையும் விடாமல் பிடித்துக்கொண்டு, பட்லர், கிரெய்டன், சேவியர் மூன்றையும் சேர்த்துக்கொண்டன. 2020-இல் யூகான் திரும்பி வந்தது. பழைய பிக் ஈஸ்ட் செத்துவிட்டது என்று இன்றும் சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். அவர்களை 2025-க்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

அந்த வியாழன் இரவு, பத்தாவது இடத்திலிருந்த டிபால், இரண்டாவது இடத்திலிருந்த கிரெய்டனை இரண்டு ஓவர்டைம் வரை இழுத்து விட்டுத்தான் விழுந்தது. சனிக்கிழமை இறுதியில் அதே கிரெய்டனும் செயின்ட் ஜான்ஸும். குயின்ஸில் இருக்கிற செயின்ட் ஜான்ஸ்தான் நியூயார்க்கின் சொந்த அணி. 2000-க்குப் பிறகு அதுவரை இந்தக் கோப்பையை அவர்கள் தொட்டிருக்கவில்லை. அணியை வளர்த்த பழைய பயிற்சியாளர் லூ கார்னெசெக்கா, 99 வயதில், முந்தைய நவம்பரில்தான் காலமாகியிருந்தார். அரங்கில் மூலைமுடுக்கெல்லாம் சிவப்பு. நடுவே ஒமாஹாவிலிருந்து விமானமேறி வந்த நீலச்சட்டைக்காரர்கள் ஒரு தீவு மாதிரி உட்கார்ந்து, கொஞ்சமும் சளைக்காமல் கத்தினார்கள். முதல் பாதியில் செயின்ட் ஜான்ஸ் போட்டதெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. இடைவேளையில் பின்தங்கல். எனக்குப் பக்கத்து இருக்கையில் நரைத்த மனிதர் ஒருவர், 1986 இறுதியில் சிரக்யூஸின் கடைசி ஷாட்டை வால்டர் பெர்ரி தடுத்து, 70-69 என்று ஜெயித்ததை நேரில் பார்த்தவர். "பொறு, இரண்டாம் பாதி நம்முடையது" என்றார். அப்படியே நடந்தது. ஆர்.ஜே. லூயிஸ் கட்டவிழ்ந்த காளையாகக் கிளம்பி, பாய்ந்து பாய்ந்து போட்டார். மொத்தம் 29 புள்ளிகள், பெரும்பகுதி அந்தப் பாதியில். பந்து கிரெய்டன் கைக்குப் போகும்போதெல்லாம் அரங்கமே எழுந்து நின்று தடுப்பாட்டத்துக்குக் குரல் கொடுத்தது. 82-66.

கோப்பை முடிவானதும் ஏணி வரும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, கத்தரிக்கோலால் வலையில் ஒரு துண்டு வெட்டிக்கொள்வார்கள். அன்று செயின்ட் ஜான்ஸின் பயிற்சியாளராக இருந்த ரிக் பிட்டினோ நியூயார்க்கில் பிறந்தவர், இதே கார்டனில் ஒரு காலத்தில் நிக்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தார். முன்பின் தெரியாத நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறீர்களா? மார்ச்சில் அந்தப் பக்கம் வர வேலை இருக்கிறதா? இறுதி ஆட்டத்து டிக்கெட் கைக்கு எட்டாவிட்டால் வருத்தப்படாதீர்கள். வியாழன் டிக்கெட்டை வாங்குங்கள். பகலோ இரவோ, இரண்டு கால் இறுதிகளை ஒன்றாகப் பார்த்துவிடலாம். கூடைப்பந்து விதி ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுப்பார். மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். இரண்டாவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால், கடைசி ரயில் போய்விடுமே என்று பாதியில் எழுந்துவிடாதீர்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாம், தப்பில்லை.