செனட்டுக்குப் பக்கத்து வீடு

ஒரு சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தால் நல்லதா, கெட்டதா? ‘இதென்னய்யா கேள்வி?’ என்பீர்கள். பி.காம். படித்த எனக்கும் அப்படித்தான் தோன்றும். வாடகை மிச்சம், பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஜோராக இருக்கும். வாஷிங்டனில் இருக்கும் ஒரு வீட்டின் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு செங்கல் வீடு. 1800 வாக்கில் ராபர்ட் சூவல் என்பவர் கட்டியது. ஜெஃபர்சனின் நிதி மந்திரி கல்லட்டின் வாடகைக்குக் குடியிருந்தார். 1814-ல் பிரிட்டிஷ் படை இதற்குத் தீ வைத்தது. மறுபடி கட்டினார்கள். 1929-ல் வாங்கியது தேசியப் பெண்கள் கட்சி.

கட்சி என்று பெயரே தவிர, தேர்தலில் நிற்காது. ஆபீஸ், கூட்டம், விருந்து, வெளியூர் உறுப்பினர்கள் தங்க அறைகள்... பாதிக்குப் பாதி லேடீஸ் கிளப் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதற்கு முன்னால் இவர்கள் இருந்த கட்டடத்தை, சுப்ரீம் கோர்ட் கட்ட வேண்டும் என்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. நஷ்ட ஈடு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். கூடவே ஆல்வா பெல்மாண்ட் என்ற கோடீஸ்வரியின் கை தாராளம். வீடு வந்துவிட்டது.

இந்தக் கட்சியின் மூளை ஆலிஸ் பால். 1917-ல் வெள்ளை மாளிகை வாசலில் தட்டி பிடித்து நின்று, ஜெயிலுக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றப்பட்ட அம்மணி. 1920-ல் ஓட்டுரிமை வந்தது. 1923-ல் ஆண்-பெண் சம உரிமைத் திருத்தத்தை எழுதினார். அப்புறம் இந்த வீட்டோடு ஐக்கியமாகி, 1972 வரை இங்கேதான்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். தெருவில் நின்றபோது கூட்டம் இருந்தது. வீட்டுக்குள் வந்தபோது அது சிறுத்துப்போயிருந்தது. ஆலைத் தொழிலாளிப் பெண்கள், ‘உங்கள் திருத்தம் வந்தால் எங்களுக்கு இருக்கிற பாதுகாப்புச் சட்டங்கள் போய்விடும்’ என்று எதிர்த்தார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை ஓட்டுப் போடவிடாமல் விரட்டுகிறார்களே என்று 1921-லேயே முறையிட்டபோது, அது இனப் பிரச்னை, பெண் பிரச்னை இல்லை என்று தட்டிக் கழித்தார் ஆலிஸ் பால். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாங்கிய வீட்டின் கதவு யாருக்குத் திறக்கும் என்பது வாங்குவதற்கு எட்டு வருஷம் முன்பே தெரிந்துபோயிற்று.

அதற்காக விருந்துச் சங்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, சார். பக்கத்து வீட்டில் இருந்தால் நச்சரிப்பது சுலபம். 1964 சிவில் உரிமைச் சட்டத்தில், வேலை தருவதில் பாகுபாடு கூடாது என்ற பகுதியில் ‘பாலினம்’ என்ற ஒரு சொல் உள்ளே நுழைந்ததில் இந்த வீட்டுப் பெண்களின் நச்சரிப்புக்குப் பங்குண்டு. இன்றைக்கு அங்கே ஒரு பெண் முதலாளி மேல் வழக்குப் போடுகிறாள் என்றால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். செனட்டுக்குக் கூடுதல் ஆபீஸ் கட்ட இந்த இடத்தின் மேல் கண் வைத்தார்கள்; அதிலிருந்தும் வீட்டைக் காப்பாற்றினார்கள்.

திருத்தம் என்ன ஆயிற்று? 1972-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1982-ல் கெடு முடிந்தபோது 35-தான். 38-ஆவதாக வர்ஜீனியா ஒப்பியது 2020-ல்! கெடு முடிந்த பிறகு வந்த சம்மதம் செல்லுமா என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்சியும் அதே 2020-ல் கடையைக் கட்டியது.

வீட்டுக்கு மட்டும் குறையில்லை. 2016-ல் ஒபாமா அதற்கு ‘பெல்மாண்ட்-பால் பெண்கள் சமத்துவ தேசிய நினைவுச் சின்னம்’ என்று பெயர் வைத்தார். நினைவுச் சின்னம் என்றால் நம்மூரில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு வைப்பது. அங்கே, இன்னும் அரசியல் சட்டத்தில் அச்சேறாத ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள்.