ஒற்றைச் சாலையில் ஒரு மராத்தான்

கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் சாலையோரம் நின்ற பலகை ஒன்று, கார்மெல் ஊருக்கு 26 மைல் என்று காட்டியது. அந்தப் பக்கம் வீடு வைத்திருந்த நீதிபதி வில்லியம் பர்லியின் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருந்தது. மராத்தானின் தொலைவும் 26 மைல் சொச்சம்தான். 1986-இல் அவர் முன்னின்று தொடங்கிய பிக் சர் சர்வதேச மராத்தான், இன்று மலைப்பாங்கான கடலோர ஓட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்கும் பெயராகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆயிரக்கணக்கானோர் அங்கே ஓடுகிறார்கள். ஓட விரும்புவோர் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள்.

இந்த வகை ஓட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அழகை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அழகில் சந்தேகமே இல்லை. ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு சாலை போகும் இடத்தில் 42 கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்துவது, அழகை மட்டும் பார்த்து மதிப்பிடக்கூடிய காரியம் அன்று. பிக் சர் ஓட்டத்தின் பெருமைகளும் சிக்கல்களும் அந்த ஒற்றைச் சாலையிலிருந்தே பிறக்கின்றன.

அந்தச் சாலை எளிதில் வந்ததில்லை. சாந்தா லூசியா மலைத்தொடர் பசிபிக் கடலிலிருந்து செங்குத்தாக எழுகிறது. 1,571 மீட்டர் உயரமுள்ள கோன் சிகரம் கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டருக்குள் நிற்கிறது. நெடுஞ்சாலை 1-இன் இந்தப் பகுதியை வெட்டி முடிக்க ஏறத்தாழ 18 ஆண்டுகள் பிடித்தன. சான் குவென்டின் சிறைக் கைதிகள் அற்பக் கூலிக்குப் பாறை உடைத்தார்கள். பிக்ஸ்பி ஓடையின் மேல் 80 மீட்டர் உயரத்தில் நிற்கும் கான்கிரீட் வளைவுப் பாலம் 1932-இல் முடிந்தது. சாலை முழுவதும் திறக்கப்பட்டது 1937-இல். இன்றைய ஓட்டக்காரர் ரசிக்கும் ஒவ்வொரு வளைவும் யாரோ உயிரைப் பணயம் வைத்துச் செதுக்கியது என்பதை ஓட்டத்தின் விளம்பரங்களும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் ரெட்வுட் மரங்களின் நிழலில் தொடங்குகிறது. முதல் எட்டு கிலோமீட்டர் வரை மெல்லிய இறக்கம், காற்றில்லாத குளிர். ஆண்ட்ரூ மொலேரா பூங்காவைத் தாண்டியதும் மரங்கள் விலகி, மேய்ச்சல் நிலமும் கடலும் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. இடப்பக்கம் தனிப் பாறை ஒன்றின் மேல் 1889-இல் ஏற்றப்பட்ட பாயின்ட் சர் கலங்கரை விளக்கம். வடமேற்கிலிருந்து வீசும் கடற்காற்று இங்கேதான் முகத்தில் அறையத் தொடங்கும். வடக்கு நோக்கி ஓடுபவருக்கு அது எதிர்க்காற்று. லிட்டில் சர் ஆற்றின் அருகே சாலை ஏறத்தாழக் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. அங்கே ஜப்பானிய டைக்கோ பெருமுரசங்கள் முழங்க, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஹரிக்கேன் பாயின்ட் ஏற்றம் தொடங்கும். 170 மீட்டர் உயரத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்கினால் பிக்ஸ்பி பாலம், சரியாகப் பாதித் தொலைவு. பாலத்தின் முனையில் ஒருவர் பெரிய பியானோவை வாசித்துக்கொண்டிருப்பார். காற்றோடு சேர்ந்து அந்த இசை ஓட்டக்காரருக்குச் சற்று முன்னதாகவே காதில் விழுகிறது. பாலத்தில் நின்று படமெடுக்காமல் போகிறவர்கள் குறைவு.

அந்த நிற்றலில்தான் இவ்வகை ஓட்டத்தின் முதல் பெரும் நன்மை இருக்கிறது. இன்றைய மராத்தான் உலகத்தைக் கைக்கடிகாரம் ஆள்கிறது. பெர்லின், சிகாகோ போன்ற நகர ஓட்டங்கள் சமதளமாக இருப்பதாலேயே மதிக்கப்படுகின்றன. 1987-இல் பிராட் ஹாதார்ன் பிக் சர் பாதையை 2 மணி 16 நிமிடம் 39 விநாடியில் முடித்தார். அந்தப் பாதைச் சாதனை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. அவர் ஓடிய காலத்தில் உலகச் சாதனை 2:07:12. 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டும் அதை 2:00:35-க்குக் கொண்டுவந்தார். உலகம் ஆறரை நிமிடத்துக்கு மேல் வேகம் கூட்டிக்கொண்ட அதே காலத்தில் பிக் சர் இருந்த இடத்திலேயே இருந்தது. மலையேற்றம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பெரும் பரிசுத்தொகை தரும் ஓட்டங்களின் வரிசையில் இது இல்லாததால் உலகின் முன்னணி வீரர்கள் இங்கே கூடுவதில்லை. வந்தாலும் உலகச் சாதனைக்கு வழியில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு ஓட்டத் தொலைவில் பாதியைத் தாண்டக் கூடாது, தொடக்கத்திலிருந்து முடிவுவரையான நிகர இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தடகள விதி. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் இந்தக் கடலோரப் பாதை இரண்டுக்கும் அடங்காது. 2011-இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் ஓடிய 2:03:02 அன்றைய உலகச் சாதனையைவிட வேகமானதாக இருந்தும் பட்டியலில் ஏறாமல் போனது இந்த விதியால்தான்.

கணக்கில் ஏறாத இந்த நிலையைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. சாதாரண ஓட்டக்காரருக்கு அது விடுதலை. இங்கே தன் சிறந்த நேரத்தைவிட 15 நிமிடம் பிந்தியவர் தோற்றவர் இல்லை. மேட்டில் நடந்தவரை யாரும் தாழ்வாகப் பார்ப்பதில்லை. பயிற்சி அட்டவணையிலும் கிலோமீட்டர் வேகத்திலும் சிக்கிக்கொண்டு ஓட்டத்தின் இன்பத்தையே தொலைத்த பலருக்கு, எண்ணைப் பொருட்படுத்தாமல் ஓடும் ஒரு காலைப்பொழுது மிகப் பெரிய கொடை.

உடல் கொடுக்கும் விலை வேறு கதை. ஏற்றத்துக்கு அஞ்சும் அளவுக்கு இறக்கத்துக்கு யாரும் அஞ்சுவதில்லை. பிக் சர் பாதையில் மொத்த ஏற்றம் 650 மீட்டருக்கு மேல். மொத்த இறக்கம் அதைவிட அதிகம். 2002-இல் இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் சகாக்களும் சரிவில் ஓடும்போது செலவாகும் ஆற்றலை அளந்து வெளியிட்டார்கள். நூற்றுக்கு இருபது என்ற சரிவில் இறங்கும்போது செலவு சமதளத்தில் ஆவதில் ஏறத்தாழப் பாதி. மூச்சுக்கும் இதயத்துக்கும் இறக்கம் ஓய்வுதான். தொடையின் முன்தசைக்கோ அதுவே தண்டனை. ஒவ்வோர் அடியிலும் அந்தத் தசை நீண்டுகொண்டே இறுகி, உடலின் எடைக்குப் பிரேக் போட வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவு இப்படித்தான் ஏற்படுகிறது. மூச்சு வாங்காததால் ஓட்டக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார். 34-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கார்மெல் ஹைலண்ட்ஸின் சிறு மேடுகள் வரிசையாக வரும்போது கால்கள் கேட்க மறுக்கின்றன. வலியின் உச்சம் ஓட்டம் முடிந்து ஓரிரு நாள் கழித்து வரும். அன்று படிக்கட்டில் இறங்கக் கைப்பிடியைப் பற்ற வேண்டும்.

இதற்கு மாற்று இருக்கிறது. ஒருமுறை இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை, பல வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு தாங்கிக்கொள்கிறது. ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாக நீண்ட இறக்கத்தில் ஓரிரு முறை ஓடியிருந்தாலே கணிசமான பாதுகாப்பு கிடைக்கும். சமதள நகரங்களில் பயிற்சி செய்துவிட்டு விமானமேறி வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். மேம்பாலத்தில் ஏறி ஏறி நுரையீரலைத் தயார் செய்திருப்பார்கள், தொடையை மறந்திருப்பார்கள். வளைவுகளில் சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது இன்னொரு தொல்லை. மணிக்கணக்கில் ஒரு கால் சற்று உயரத்திலும் மற்றது தாழ்விலும் விழுந்தால் இடுப்பும் முழங்காலும் முறையிடத் தொடங்கும்.

இயற்கைக் காட்சி வலியை மறக்கவைக்கும் என்ற நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 1977-இல் மோர்கன், பொல்லாக் என்ற ஆய்வாளர்கள் மராத்தான் வீரர்களின் கவனம் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். முதல்நிலை வீரர்கள் தம் மூச்சையும் தசையையும் கவனித்துக்கொண்டே ஓடினார்கள். மற்றவர்கள் மனத்தை வேறு எதிலாவது செலுத்தி வலியிலிருந்து விலகினார்கள். கடலும் மலையும் இரண்டாம் வகையினருக்கு நல்ல துணைதான். ஆனால் துணை கிடைத்த உற்சாகத்தில் உடலின் எச்சரிக்கையையும் கேட்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. தவிர, பிக் சரில் மனத்தை அள்ளும் காட்சிகள் பெரும்பாலும் முதல் பாதியில் முடிந்துவிடுகின்றன. மிகவும் தேவைப்படும் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கண் பெரும்பாலும் தார்ச்சாலையின் மேல்தான் இருக்கும். அங்கே தண்ணீர்ப் பந்தலில் தொண்டர்கள் நீட்டும் ஸ்ட்ராபெரிப் பழங்கள் கடலைவிட அதிகமாக உதவுகின்றன.

ஒற்றைச் சாலையின் கடுமையான முகம் ஏற்பாடுகளில் தெரிகிறது. ஓட்டக்காரர்கள் விடியலுக்கு வெகு முன்பே பேருந்தில் ஏறி, இருட்டில் அதே சாலையில் தெற்கே போய், குளிரில் காத்திருக்க வேண்டும். சாலை மூடியிருப்பதால் குடும்பத்தார் வழியில் நின்று உற்சாகப்படுத்த முடியாது. நகர மராத்தானில் தெருவெல்லாம் கேட்கும் ஆரவாரம் இங்கே நெடுந்தூரத்துக்கு இல்லை. தனிமையை விரும்புகிறவருக்கு அது வரம், முதன்முறை மராத்தான் ஓடுகிறவருக்குச் சோதனை. கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் அந்த ஒரே சாலைதான். ஆகவே மருத்துவக் குழுக்களைப் பாதை நெடுகிலும் முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தச் செலவில் சிக்கனம் பார்க்கும் உரிமை எந்த அமைப்பாளருக்கும் இல்லை.

சாலையை மீண்டும் வாகனங்களுக்குத் திறந்தாக வேண்டும் என்பதால் ஆறு மணி நேர வரம்பு உண்டு. கிலோமீட்டருக்குச் சுமார் எட்டரை நிமிடம். நேரம் தவறியவர்களைப் பேருந்து ஏற்றிக்கொள்ளும். கடிகாரத்தை மறந்து ரசியுங்கள் என்று அழைக்கும் ஓட்டம், மெதுவாக வருகிறவரிடம் மட்டும் கடிகாரத்தைக் கறாராகக் காட்டுகிறது. இது அமைப்பாளர்களின் பிழை என்று சொல்ல முடியாது. சாலையில் தெற்கே வாழ்கிறவர்கள் கார்மெல் பக்கம் வர நேரடி மாற்றுவழி கிடையாது, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேர வேண்டும். வயதானவர்களும் முதன்முறை வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டு பெயர் கொடுப்பது நல்லது.

பாஸ்டன் மராத்தானை ஓடிவிட்டு அதே மாதத்தில் இதையும் ஓடுவோருக்குத் தனிப் பதக்கம் தரும் வழக்கத்தை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. பாஸ்டன் பாதையும் தொடையைப் பதம் பார்க்கும் இறக்கம் நிறைந்தது. இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகளில் ஆறே நாள்தான். சிதைந்த தசை ஆறுமுன் அதையே மீண்டும் அடிப்பதற்குப் பரிசு தருவது, உடலைக் கேட்டு ஓடச் சொல்லும் ஓட்டத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவுக்கும் மேலாக அந்தச் சாலையே நிலையற்றது. நொறுங்கும் பாறை, குளிர்கால மழை, கீழே அரிக்கும் அலை. 2017-இல் ஃபைஃபர் கேன்யன் பாலம் பழுதாகி இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மட் கிரீக்கில் மலையே சரிந்து கடலுக்குள் இறங்கியது. அங்கே மீண்டும் வண்டி ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது. 2024 மார்ச் 30 அன்று பிக்ஸ்பி பாலத்துக்குச் சற்று வடக்கே, ராக்கி கிரீக் அருகில் சாலையின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. ஓட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அமைப்பாளர்கள் கார்மெலில் தொடங்கித் தெற்கே ஓடித் திரும்பும் பாதையை அமைத்தார்கள். 2011-இலும் இதேபோல் சாலை சரிந்து, பாதையை மாற்ற நேர்ந்தது. இரண்டு முறையும் பிக்ஸ்பி பாலம் பாதையில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1970 முதல் நடக்கும் டூ ஓஷன்ஸ் ஓட்டமும் இதே பாடத்தைப் படித்தது. பாறை விழும் ஆபத்தால் சாப்மன்ஸ் பீக் சாலை 2000-இல் மூடப்பட்டு, 2003 இறுதியில்தான் திறந்தது. அதுவரை ஓட்டம் வேறொரு மலைச்சாலையில் நடந்தது.

பாலம் இல்லாவிட்டால் பிக் சர் என்ன பிக் சர் என்று கேட்பவர்களின் ஏமாற்றம் புரிகிறது. ஆண்டுக்கணக்கில் குலுக்கலுக்குக் காத்திருந்து, விமானம், விடுதி என்று பெருந்தொகை செலவழித்து வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் 2024-இல் எடுத்த முடிவு சரியானது. போய்த் திரும்பும் பாதையில் கார்மெல் ஹைலண்ட்ஸ் மேடுகள் இரண்டு முறை வந்தன. அதே சமயம் முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள், வழக்கமான பாதையில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஒரு புகழ்பெற்ற பாலத்தை மட்டும் நம்பி ஓட்டத்தை விற்பது எவ்வளவு பலவீனமானது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. மழை கூடும் ஆண்டுகளில் இது மீண்டும் நடக்கும். மாற்றுப் பாதை ஒன்றை முன்கூட்டியே அறிவித்து, அதையும் சேர்த்தே பதிவுக்கு அழைப்பதுதான் நேர்மை.

ஒற்றைச் சாலை தரும் இன்னொரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. மற்ற நாட்களில் பிக்ஸ்பி பாலத்தருகே கார்கள் நெரிகின்றன. படமெடுக்க வருகிறவர்கள் வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தி, குறுகிய சாலையில் நடக்கிறார்கள். ஓட்ட நாளின் சில மணி நேரம் மட்டும் இயந்திர ஓசை நின்று, சாலையின் நடுவில் மனிதர்கள் காலால் போகிறார்கள். காருக்காகவே வெட்டிய சாலையைக் காலின் வேகத்தில் அறிய இதைவிட நல்ல வழி இல்லை. கடற்சிங்கங்களின் குரல் கேட்பதும் உப்புக்காற்று நாவில் கரிப்பதும் காரின் கண்ணாடிக்குள் இருப்பவருக்குக் கிட்டாதவை.

காட்சிக்காக வருகிறவர் முழு மராத்தான்தான் ஓட வேண்டும் என்றும் இல்லை. அதே நாளில் ஆண்ட்ரூ மொலேரா பக்கத்திலிருந்து தொடங்கும் 21 மைல் ஓட்டமும் நடக்கிறது. கலங்கரை விளக்கம், முரசு, ஹரிக்கேன் பாயின்ட், பியானோ எல்லாம் அதில் உண்டு. மரநிழலில் ஓடும் முதல் ஐந்து மைல்தான் குறைகிறது. நேரச் சான்று தேவைப்படாதவருக்கும், ஆறு மணி நேர வரம்பு நெஞ்சை அழுத்துகிறவருக்கும், இறக்கத்தில் பழகாத காலோடு வருகிறவருக்கும் முதலில் அதையே பரிந்துரைக்கலாம்.